மரப்படகுக்கு எபாக்ஸி பூச நல்ல நேரம் எது?

ஐப்பசி பிறந்தால் காவிரிப் படுகையில் பல வீடுகளில் கதவு இறுகிக்கொள்ளும். தாழ்ப்பாள் போட ஒரு அழுத்து அழுத்த வேண்டும். மாசி பங்குனியில் அதே கதவு தானாக இளகிவிடும். வெட்டி, இழைத்து, ஆணி அடித்த பிறகும் மரம் காற்றிலிருக்கும் ஈரத்தைக் குடிப்பதும் விடுவதுமாகவே இருக்கிறது. கதவுக்கு இது சின்னத் தொந்தரவு. மரத்தில் கட்டிய மோட்டார் படகுக்கோ ஆயுளே இதில்தான் இருக்கிறது.

நாகப்பட்டினத்திலிருந்து மல்லிப்பட்டினம் வரை இன்று கரையில் நிற்பவை பெரும்பாலும் ஃபைபர் படகுகள். அதிராம்பட்டினம் பக்கம் ஒருவர், பாக் நீரிணையின் ஆழமில்லாத கடலில் ஓட்டுவதற்காக, பதினைந்து அடியில் மரைன் பிளைவுட் (தண்ணீர் தாங்கும் பசையால் ஒட்டிய ஒட்டுப்பலகை) படகு ஒன்றைக் கட்டி முடித்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். சட்டம் கூட்டியாயிற்று, பலகை ஒட்டியாயிற்று. பார்க்கப் படகு மாதிரியே இருக்கிறது. இனி வரும் தேய்ப்பும் பூச்சும் அழகுக்கான வேலை என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் படகு பத்து வருடம் நிற்குமா, இரண்டே மழைக்காலத்தில் உளுத்துப்போகுமா என்பது இந்தக் கட்டத்தில்தான் முடிவாகிறது.

காற்றின் ஈரப்பதம் 65 சதவீதமாக இருந்தால், மரம் தன் உலர்ந்த எடையில் ஏறக்குறைய 12 சதவீத நீரோடு நிலைக்கும். ஈரப்பதம் 80 ஆனால் அது 16 ஆகும். 90 ஆனால் 20ஐத் தொடும். மரத்தை மக்கவைக்கும் பூஞ்சைக்கு 20 சதவீதத்துக்கு மேல் நீர் வேண்டும். அடைமழைக் காலத்தில் நம் காற்று மட்டுமே மரத்தை அந்த எல்லை வரை கொண்டுபோய் நிறுத்திவிடும். மேலே மழைத்தண்ணீர் தேங்கினால் கதை முடிந்தது. மரப்படகைக் கடல்நீரைவிட மழைநீர்தான் அதிகம் மக்கவைக்கிறது. உப்பு பூஞ்சையை அடக்கும், நல்ல தண்ணீர் அதை வளர்க்கும்.

எந்தப் பூச்சும் ஈரத்தை முழுவதுமாகத் தடுத்துவிடாது, போக்குவரத்தைத் தாமதப்படுத்தும், அவ்வளவுதான். அந்தத் தாமதமே நமக்குப் போதும். ஈரம் மெதுவாக ஏறி இறங்கினால் பலகை வீங்கிச் சுருங்குவது குறையும், பூச்சு வெடிக்காது. ஹார்டனர் என்ற இறுக்கும் திரவத்தைக் கலந்து பூசும் எபாக்ஸிப் பிசின் இதைச் செய்வதில் கெட்டிக்காரன். பலகையின் முகத்தைவிட வெட்டுமுனையில் கவனம் அதிகம் வேண்டும். மரத்துக்குள் நீர் ஏறிய குழாய்களெல்லாம் வாய் திறந்து நிற்பது அங்கேதான். முகத்தைவிடப் பல மடங்கு வேகமாக உறிஞ்சும். முதல் கை பூசிச் சில நிமிடத்தில் வெட்டுமுனை மட்டும் உலர்ந்தாற்போல வெளுத்துத் தெரியும். குடித்துவிட்டது என்று அர்த்தம். அது போதும் என்று சொல்லும் வரை மறுபடி மறுபடி கொடுக்க வேண்டும்.

சரி, எப்போது பூசுவது? காலையில் வெயிலுக்கு முன் முடித்துவிடலாம் என்றுதான் யாருக்கும் தோன்றும். அதுதான் தவறான நேரம். மரத்தின் நுண்துளைகளில் காற்று இருக்கிறது. வெயில் ஏற ஏற அது விரிந்து வெளியே வரும்; வரும் வழியில் இறுகிக்கொண்டிருக்கும் எபாக்ஸியில் குமிழ் விடும். குமிழ் உடைந்த இடத்தில் ஊசித்துளை நிற்கும். ஒவ்வொரு ஊசித்துளையும் தண்ணீருக்கு ஒரு வாசல். மரம் சூடாகி, பிறகு குளிரத் தொடங்கும் நேரத்தில் பூசினால் உள்ளே காற்று சுருங்கும், மேலே இருக்கும் எபாக்ஸியைத் துளைக்குள் இழுத்துக்கொள்ளும்.

அப்படியென்றால் மாலையில் பூசலாமே? இங்கேதான் நம் ஊர் குறுக்கே வருகிறது. 30 டிகிரி வெப்பம், 75 சதவீத ஈரப்பதம் என்றால் பனி படியும் வெப்பநிலை சுமார் 25 டிகிரி. படகின் மேற்பரப்பு அதைவிட 3 டிகிரியாவது கூடுதலாக இருக்க வேண்டும் என்பது பூச்சு வேலையின் விதி. அதாவது 28. திறந்த கொட்டகையில் பொழுது சாய்ந்த பிறகு படகின் சூடு அதற்குக் கீழே இறங்கிவிடும். அப்போது எபாக்ஸியோடு கலந்த ஹார்டனரில் உள்ள அமீன் என்ற வேதிப்பொருள், காற்றிலிருக்கும் ஈரத்தோடும் கரியமில வாயுவோடும் சேர்ந்து மேலே மெழுகு மாதிரி ஒரு வழுவழுப்பைப் படியவிடும். அதன்மேல் பெயின்ட் அடித்தால் தோலாக உரிந்து வரும். ஆக, மிஞ்சுவது பிற்பகல் மூன்று மணியை ஒட்டிய கொஞ்ச நேரம். சூடு இறங்கத் தொடங்கியிருக்கும், பனி விழும் முன் எபாக்ஸி ஓரளவு இறுகியும் விடும்.

அந்த வழுவழுப்பு வந்துவிட்டால் தின்னர் வேண்டாம். அது தண்ணீரில் கரையும். நல்ல தண்ணீரும் பாத்திரம் தேய்க்கும் நாரும் போதும். ஆனால் கழுவிய பிறகுதான் உப்புத்தாளைத் தொட வேண்டும். முதலில் தேய்த்தால் அதைக் கீறல்களுக்குள் அழுத்திவிடுவோம்.

கழுவுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. வேதாரண்யம் உப்பளக் காற்றைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். கடற்கரையில் எங்கே கொட்டகை போட்டாலும் உப்பு படியும். ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் சாதாரண உப்பு காற்றிலிருந்தே நீரை இழுத்துக் கரைந்துவிடும். பூச்சுக்கு அடியில் சிக்கிய ஒரு துகள் அந்த வேலையை விடாமல் செய்யும். வெளியிலிருந்து நீர் ஊடுருவி வந்து அங்கே கொப்புளம் கிளம்பும். தேய்த்து முடித்த பலகையை வேர்த்த கையால் தடவினாலும் இதே உப்புதான். ஒவ்வொரு கைப் பூச்சுக்கும் நடுவே நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் ஒரு துடைப்பு, பிறகு நன்றாகக் காயவிடுவது. இதைச் சோம்பலில் விட்டுவிடக் கூடாது.

தேய்ப்பது என்றால் பளபளப்புக்காக மட்டும் அல்ல. வேகமெடுத்ததும் இந்த மாதிரிப் படகு நீரைக் கிழித்துப் போவதை விட்டு, மேலே ஏறி வழுக்கி ஓடும். அப்போது நீரைத் தொடுவது பின்பாதி அடிப்பகுதிதான். அந்த இடம் நீளவாக்கில் நேராக இருந்தே ஆக வேண்டும். பின்முனைக்கு அருகே உள்வாங்கிய குழி இருந்தால் பின்பக்கம் தூக்கி, மூக்கு நீரில் குத்தும். புடைத்திருந்தால் பின்பக்கம் இழுபட்டு, மூக்கு ஏறி ஏறி இறங்கும். சிறு கட்டையில் உப்புத்தாளைச் சுற்றித் தேய்த்தால் அது மேட்டிலும் பள்ளத்திலும் ஏறி இறங்குமே தவிர, எதையும் சமன்செய்யாது. இரண்டு மூன்றடி நீளமுள்ள, கொஞ்சம் வளைந்துகொடுக்கும் பலகையில் 80ஆம் எண் தாளை ஒட்டிக் குறுக்குமறுக்காக இழுக்க வேண்டும். அதற்கு முன் பென்சிலால் முழுவதும் கிறுக்கிவிடுங்கள். கிறுக்கல் அழியாமல் நிற்கும் இடம் பள்ளம். அங்கே பட்டி வையுங்கள். இருட்டிய பிறகு டியூப் லைட்டைப் பலகையை ஒட்டிச் சாய்த்துப் பிடித்தால், பகலில் கண்ணுக்குத் தெரியாத அலையெல்லாம் நிழலாக எழுந்து நிற்கும்.

ஓரங்களில் ஒரு முரண் உண்டு, எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. மேல்தளத்திலும் உள்ளேயும் கூர்மையான ஓரம் கூடாது. ஈரமான பெயின்ட் கூர்முனையை விட்டு விலகி அங்கே மெலிந்துவிடும், முதலில் தேய்வதும் அங்கேதான். அதனால் எல்லாவற்றையும் உருட்டிவிடுவோம். ஆனால் பின்முனையின் அடி ஓரத்தை மட்டும் உருட்டவே கூடாது. மெலிதாக விழும் குழாய்த் தண்ணீரில் கரண்டியின் முதுகைத் தொட்டுப் பாருங்கள். நீர் வளைவை ஒட்டிக்கொண்டு கரண்டியை உள்ளே இழுக்கும். உருண்ட ஓரத்திலும் நீர் அப்படித்தான் ஒட்டிப் படகைக் கீழே இழுக்கிறது. கூரான ஓரத்தில் சட்டென்று அறுந்து விலகிவிடும். பலகைமேல் எபாக்ஸியால் ஒட்டும் கண்ணாடி இழைத்துணி கூர்முனையில் படியாது என்பதால், முதலில் உருட்டித் துணியை ஒட்டிவிட்டு, பிறகு எபாக்ஸிப் பட்டியால் ஓரத்தை மறுபடி கூராக எழுப்புவார்கள்.

எபாக்ஸிக்கு வெயில் ஆகாது. புற ஊதாக் கதிர் பட்டால் மங்கிப் பொடியாகும். அதனால் மேலே பெயின்டோ, கதிரைத் தடுக்கும் வார்னிஷோ கட்டாயம். சாதாரண எண்ணெய் வார்னிஷ் காற்றிலிருக்கும் ஆக்சிஜனை எடுத்துக்கொண்டுதான் இறுகும். தடிப்பாக அடித்தால் மேலே தோல் கட்டி, அடியில் பச்சையாகவே நின்று சுருக்கம் விழும். மெலிதாக ஆறேழு கை என்பதுதான் கணக்கு. நிறத்தைப் பொறுத்தவரை என் ஓட்டு வெள்ளைக்கு. அடர்நீலம் கண்ணுக்கு அழகுதான், ஆனால் சித்திரை வெயிலில் அது அடியிலுள்ள எபாக்ஸி இளகத் தொடங்கும் 50, 60 டிகிரியை எளிதில் எட்டிவிடும்.

கடைசியில், கொக்கியும் கைப்பிடியும் மாட்டும் அவசரத்தில், இத்தனையும் செய்த பலகையில் நேரே ஸ்குரூ ஏற்றிவிடுகிறார்கள். ஒவ்வொரு ஓட்டையிலும் பூச்சில்லாத மரம் மறுபடி திறந்துகொள்கிறது. ஓட்டையைத் தேவையைவிடப் பெரிதாகப் போட்டு, எபாக்ஸியால் நிரப்பி, இறுகிய பிறகு அதன் நடுவே ஸ்குரூவுக்குத் தக்க ஓட்டை போட்டால், ஸ்குரூ மரத்தையே தொடாது. கூடுதலாக ஒரு நாள் பிடிக்கும்.