ஆமைக்கு ஊகிக்கத் தெரியாது

கணினி அறிவியலின் முதல் பாடத்துக்குக் கணினி வேண்டாம். ஐந்து அட்டைகளும் ஒரு பேனாவும் போதும். ஒரு அட்டையில் ஒரு புள்ளி வையுங்கள். மற்றவற்றில் முறையே 2, 4, 8, 16 புள்ளிகள். 16 புள்ளி அட்டை இடது ஓரத்திலும் ஒற்றைப் புள்ளி அட்டை வலது ஓரத்திலும் வரும்படி வரிசையாக அடுக்கிவிட்டு, "மொத்தம் 11 புள்ளிதான் தெரியணும். மற்ற அட்டைகளைக் கவிழ்த்து வை பார்க்கலாம்" என்று பிள்ளையிடம் சொல்லுங்கள்.

ஏழெட்டு வயதுப் பிள்ளை கொஞ்சம் தடுமாறிவிட்டு 8, 2, 1 மூன்றையும் திறந்துவைக்கும். அடுத்து 19 கேளுங்கள். அப்புறம் 31. பிறகு 32. ஐந்தையும் திறந்தாலும் 31தான் வருகிறது என்று தெரிந்ததும், இன்னொரு அட்டை வேண்டும் என்ற கோரிக்கை தானாக வரும். அதில் எத்தனை புள்ளி இருக்க வேண்டும் என்று கேட்டால் அதற்கும் பதில் கிடைத்துவிடும்.

இனிமேல்தான் சுவாரசியம். "சரி, 11ஐ வேறு எப்படியாவது வைக்க முடியுமா?" என்று கேளுங்கள். எவ்வளவு முயன்றாலும் முடியாது. ஏன்? 1, 2, 4 மூன்றையும் கூட்டினால் 7. எனவே 8ஐக் கவிழ்த்துவிட்டு மீதிச் சிறிய அட்டைகளை வைத்து 8ஐயோ அதற்கு மேலேயோ எட்டவே முடியாது. 16ஐத் திறந்தால் 11ஐத் தாண்டிவிடும். எந்த அட்டையை எடுத்துக்கொண்டாலும் இதே கதைதான்: அதற்கு வலப்பக்கம் இருப்பவை எல்லாம் சேர்ந்தாலும் அதைவிட ஒன்று குறைவு. ஆகவே ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரே ஒரு வழிதான் உண்டு. இது முறையான கணித நிரூபணம். புள்ளிகளை எண்ணத் தெரிந்த பிள்ளைக்கு அது கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது.

திறந்த அட்டைக்கு 1, கவிழ்த்த அட்டைக்கு 0 என்று எழுதினால் 11 என்பது 01011 ஆகிறது. இரும எண் என்பது இவ்வளவுதான். ஒவ்வொரு அட்டையும் ஒரு பிட். எட்டு பிட் சேர்ந்தால் ஒரு பைட், அதில் 0 முதல் 255 வரை 256 மதிப்புகள். திரையின் ஒவ்வொரு புள்ளியிலும் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றுக்கும் ஆளுக்கொரு பைட் ஒதுக்கினால் 256 × 256 × 256, அதாவது 1,67,77,216 நிறங்கள். பெருக்கல் தெரிந்த பிள்ளைகளுக்கு இந்தக் கணக்கை அவர்களையே போடவிடுவது நல்லது.

இப்போது அட்டைகளை ஒதுக்கிவிட்டு எண் கண்டுபிடிக்கும் விளையாட்டுக்குப் போவோம். நீங்கள் 0 முதல் 31 வரை ஒரு எண்ணை நினைத்துக்கொள்ளுங்கள். பிள்ளை கேள்வி கேட்க வேண்டும், நீங்கள் ஆம், இல்லை என்று மட்டும் பதில் சொல்வீர்கள். ஆரம்பத்தில் "17ஆ?", "23ஆ?" என்று குருட்டாம்போக்கில் கேள்விகள் வரும். நாலைந்து ஆட்டத்துக்குள் "பாதிக்கு மேலேயா?" என்ற கேள்வி பிறந்துவிடும். ஒவ்வொரு பதிலும் மிச்சமிருக்கும் எண்களைப் பாதியாக வெட்டுவதால் 32 எண்களுக்கு ஐந்து கேள்வி போதும். 100 எண்களுக்கு ஏழு. பத்து லட்சத்துக்கு எத்தனை என்று கேட்டுப்பாருங்கள். ஆயிரக்கணக்கில் சொல்வார்கள். 20தான். வரிசைப்படுத்தி வைத்த பெரிய பட்டியலில் ஒரு பெயரைக் கணினி சட்டென்று எடுத்துத் தருவதற்குப் பின்னால் இருப்பது இதே பாதி வெட்டும் உத்திதான்.

இந்த இரண்டு விளையாட்டும் ஒன்றுதான் என்பதைப் பலரும் சொல்லிக்கொடுக்காமல் விட்டுவிடுகிறார்கள். நினைத்த எண் 11 என்று வைத்துக்கொள்வோம். "16 அல்லது அதற்கு மேலா?" இல்லை. "8 அல்லது அதற்கு மேலா?" ஆம். "12 அல்லது அதற்கு மேலா?" இல்லை. "10 அல்லது அதற்கு மேலா?" ஆம். "11ஆ?" ஆம். இல்லை, ஆம், இல்லை, ஆம், ஆம். இதை 0, 1, 0, 1, 1 என்று எழுதிப்பாருங்கள். அட்டைகளில் கிடைத்த அதே 01011! ஒரு பிட் என்பது ஒரு ஆம்-இல்லைக் கேள்விக்கான பதில். தகவலை அளப்பதற்கான அலகே அதுதான். பல்கலைக்கழகப் பாடத்தில் வரும் விஷயம், அட்டையும் விளையாட்டுமாக வரும்போது மூன்றாம் வகுப்பிலேயே நுழைந்துவிடுகிறது.

டிம் பெல், மைக் ஃபெலோஸ், இயன் விட்டன் என்ற மூன்று கணினி அறிவியலாளர்கள் 1990களில் இப்படிப்பட்ட விளையாட்டுகளைத் தொகுத்தார்கள். 'கம்ப்யூட்டர் சயின்ஸ் அன்பிளக்ட்' என்ற பெயரில் அது பல மொழிகளுக்குப் போயிருக்கிறது. அதில் எனக்கு மிகவும் பிடித்தது ஒரு மந்திர வித்தை. ஒரு பக்கம் கறுப்பு, மறுபக்கம் வெள்ளையாக அட்டைகள். 25 அட்டைகளைப் பிள்ளை தன் இஷ்டப்படி ஐந்துக்கு ஐந்தாகப் பரப்பிவைக்கும். "இது ரொம்ப சுலபமா இருக்கே, கொஞ்சம் கஷ்டமாக்குவோம்" என்று சொல்லியபடி நீங்கள் இன்னொரு வரிசையும் இன்னொரு பத்தியும் சேர்க்கிறீர்கள். பிறகு திரும்பி நின்றுகொள்கிறீர்கள். பிள்ளை ஒரே ஒரு அட்டையைப் புரட்டிப்போடுகிறது. நீங்கள் வந்து ஒரு பார்வை பார்த்துவிட்டு அதே அட்டையைத் தொட்டுக்காட்டுகிறீர்கள்.

ரகசியம், நீங்கள் 'கஷ்டமாக்கிய' அந்த 11 அட்டைகளில் இருக்கிறது. ஒவ்வொரு வரிசையிலும் ஒவ்வொரு பத்தியிலும் கறுப்பு அட்டைகள் இரட்டைப்படையாக இருக்கும்படி அவற்றை வைத்திருக்கிறீர்கள். ஒரு அட்டையைப் புரட்டினால் ஒரு வரிசையும் ஒரு பத்தியும் ஒற்றைப்படையாகிவிடும். இரண்டும் சந்திக்கும் இடத்தில் திருடன் அகப்படுவான். தகவலை அனுப்பும்போதும் சேமிக்கும்போதும் ஒரு பிட் புரண்டுபோனால் கணினி கண்டுபிடித்துத் திருத்துவது இந்தக் கருத்தின் மேல்தான். புத்தகத்தின் பின்னட்டையில் இருக்கும் ஐ.எஸ்.பி.என் என்ற அடையாள எண்ணில் கடைசி இலக்கம் இருப்பதும் பிழையைப் பிடிப்பதற்குத்தான். ரகசியம் தெரிந்தவுடன் பிள்ளைகள் வித்தையைக் கெடுக்கப் பார்ப்பார்கள். விடுங்கள், கெடுக்கட்டும். ஒரே வரிசையில் இரண்டைப் புரட்டினால் பத்திகள் தெரியும், வரிசை தெரியாது. ஒரு செவ்வகத்தின் நான்கு மூலைகளில் இருப்பவற்றைப் புரட்டினால் எதுவுமே தெரியாது. ஒரு முறை எங்கே தோற்கிறது என்று தேடுவது, அது எங்கே வேலை செய்கிறது என்று தெரிந்துகொள்வதற்குக் கொஞ்சமும் குறைந்ததில்லை.

இதுவரை பார்த்தது தகவல். அடுத்தது கட்டளை. இங்கேதான் நிரல் எழுதுவது வருகிறது.

நீங்கள் ரோபோ ஆகிவிடுங்கள். அறையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடியில் இருக்கும் புத்தகத்தை எடுக்க வேண்டும், பிள்ளை கட்டளை தர வேண்டும். "முன்னாடி போ" என்றால் சுவரில் முட்டும் வரை போய்க்கொண்டே இருங்கள், எத்தனை அடி என்று யாரும் சொல்லவில்லையே. "திரும்பு" என்றால் எந்தப் பக்கம், எவ்வளவு என்று தெரியாமல் அப்படியே நில்லுங்கள். பிள்ளை உங்களுக்கு எதிரே நின்று "வலது பக்கம்" என்று கத்தும்போது அது மனதில் நினைப்பது தன்னுடைய வலது. நீங்கள் திரும்புவது உங்களுடைய வலது. அந்த இடத்தில் வரும் சிரிப்பும் எரிச்சலும் அடங்கிய பிறகு, பிள்ளை எழுந்து வந்து உங்கள் பக்கத்தில், நீங்கள் பார்க்கும் திசையைப் பார்த்து நிற்கும். கட்டளையைப் பெறுபவரின் இடத்தில் நின்று பார்ப்பது என்ற பழக்கம் அந்த நொடியில் தொடங்குகிறது. ரோபோவாக இருப்பவருக்குத்தான் இது கடினம். பிள்ளை என்ன சொல்ல வருகிறது என்று நமக்குத் தெரியும், உடனே உதவத் துடிப்போம். உதவினால் விளையாட்டு செத்தது.

இந்த விளையாட்டை இயந்திரமாக்கியதுதான் லோகோ மொழி. 1967இல் அமெரிக்காவின் கேம்பிரிட்ஜ் நகரில் சீமோர் பேப்பர்ட், சிந்தியா சாலமன், வாலி ஃபயர்சைக் ஆகியோர் குழந்தைகளுக்கென்றே அதை உருவாக்கினார்கள். பேப்பர்ட் தென்னாப்பிரிக்காவில் பிறந்த கணிதவியலாளர். குழந்தைகளின் சிந்தனை எப்படி வளர்கிறது என்று ஆராய்ந்த ஷான் பியாஜேயுடன் ஜெனீவாவில் சில ஆண்டுகள் பணிபுரிந்தவர். லோகோவின் நாயகன் ஒரு ஆமை. முதலில் தரையில் ஊர்ந்து பேனாவால் கோடு போடும் ரோபோவாக இருந்தது, பிற்பாடு திரைக்கு வந்தது. அதற்குத் தெரிந்தது கொஞ்சம்தான்: இவ்வளவு தூரம் முன்னே போ, இத்தனை டிகிரி திரும்பு, பேனாவை வை, பேனாவைத் தூக்கு.

சதுரம் வரைய "4 முறை செய்: முன்னே 100, வலம் 90" என்றால் முடிந்தது. அடுத்து சமபக்க முக்கோணம். முக்கோணத்தின் கோணம் 60 டிகிரி என்று பள்ளியில் படித்த பிள்ளை நம்பிக்கையோடு "3 முறை செய்: முன்னே 100, வலம் 60" என்று எழுதும். ஆமை மூன்று கோடு போடும், ஆனால் முக்கோணம் மூடாது. வாய் திறந்த கிண்ணம் போல ஏதோ ஒன்று வந்து நிற்கும். 3ஐ 6 ஆக்கிப்பார்த்தால் அழகான அறுங்கோணம்!

இந்த இடத்தில் விடையைச் சொல்லிவிட்டால் ஒரு நல்ல பாடம் வீணாகிறது. தரையில் சாக்பீஸால் பெரிய முக்கோணம் போட்டு, அதன் மேல் நடக்கச் சொல்லுங்கள். மூலைக்கு வந்ததும் முகம் நேராகத்தான் பார்க்கிறது. அங்கிருந்து அடுத்த பக்கத்துக்குத் திரும்ப வேண்டிய அளவு, உள்ளே இருக்கும் 60 இல்லை, வெளிப்பக்கம் இருக்கும் 120. உடம்பு திரும்பும்போது அது நன்றாகத் தெரியும். ஒரு சுற்று முடித்துப் பழைய திசையைப் பார்க்கும்போது மொத்தம் 360 டிகிரி திரும்பியிருக்கிறோம். மூன்று மூலை என்றால் ஆளுக்கு 120, நான்கு என்றால் 90, ஐந்து என்றால் 72. இப்படித்தான் மாறி என்ற கருத்தும் வந்து சேர்கிறது. பக்கங்களின் எண்ணிக்கைக்கு 'ப' என்று பெயர் கொடுத்து, "ப முறை செய்: முன்னே 50, வலம் 360 ÷ ப" என்று எழுதினால் பக்கங்களும் கோணங்களும் சமமான எல்லாப் பலகோணங்களையும் ஒரே நிரல் வரையும். 'ப'வை 360 ஆக்கி, ஒவ்வொரு தடவையும் ஒரே ஒரு அலகு நகரச் சொன்னால் கண்ணுக்கு வட்டமாகவே தெரியும். அதன் குறுக்களவை அளந்தால் ஏறக்குறைய 115. 360ஐ அதனால் வகுத்தால் என்ன வருகிறது என்பதைப் பிள்ளைகளே பார்த்துக்கொள்ளட்டும்.

இன்று பல பிள்ளைகள் இதையெல்லாம் ஸ்கிராட்ச் என்ற நிரல் மொழியில் செய்கிறார்கள். அமெரிக்காவின் எம்.ஐ.டி பல்கலைக்கழகத்தின் மீடியா லேபிலிருந்து 2007இல் வெளியானது அது. கட்டளைகளைத் தட்டச்சு செய்ய வேண்டாம், கட்டைகளாக இழுத்துப் பொருத்தினால் போதும். கட்டைகளின் வடிவத்திலேயே இலக்கணம் ஒளிந்திருக்கிறது: 'என்றால்' கட்டையில் நிபந்தனைக்கான குழி அறுகோணமாக இருக்கும், ஆம்-இல்லை என்று பதில் தரும் கட்டை மட்டுமே அதில் உட்காரும். ஒரு அரைப்புள்ளி விட்டுப்போனதற்காக நாலாம் வகுப்புப் பிள்ளையை அரை மணி நேரம் தேடவைக்கும் கொடுமை இதில் இல்லை. ஆனால் முக்கோணத்துக்கு 60 போட்டால் ஸ்கிராட்ச்சும் ஒன்றும் சொல்லாது, வரைந்து காட்டிவிட்டுச் சும்மா இருக்கும். எழுத்துப் பிழையைக் கட்டைகள் தடுக்கும், எண்ணப் பிழையைத் தடுக்காது. எண்ணப் பிழைதான் நமக்கு வேண்டியதும்.

பிற்பாடு கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் பைத்தான் என்ற நிரல் மொழிக்குப் போனாலும் ஆமை கூடவே வருகிறது, அந்த மொழியோடு சேர்ந்தே 'டர்ட்டில்' என்ற தொகுப்பு கிடைக்கிறது. அங்கே நட்சத்திரம் வரையச் சொல்லிப்பாருங்கள். ஐந்து முனை நட்சத்திரத்துக்கு ஆமை இரண்டு முழுச் சுற்று திரும்ப வேண்டும்: 720ஐ 5ஆல் வகுத்தால் 144. அருமையாக வரும். அதே சூட்டில் ஆறு முனைக்கு 720ஐ 6ஆல் வகுத்து 120 போட்டால், திரையில் வெறும் முக்கோணம். ஆமை அதே முக்கோணத்தின் மேல் இரண்டாம் தடவை நடந்துகொண்டிருக்கும். 6க்கும் 2க்கும் பொதுக் காரணி இருப்பதால் வந்த வினை இது. 7 முனைக்கு இந்தச் சிக்கல் வராது. ஆறு முனை வேண்டுமென்றால் ஒரு முக்கோணம் வரைந்து, பேனாவைத் தூக்கி, இடம் மாற்றி, திசை திருப்பி, இன்னொரு முக்கோணம் வரைய வேண்டும். அதே மூன்று வரியை இரண்டாம் தடவை எழுதச் சலிப்பாக இருக்கிறது என்று பிள்ளை முனகும்போது, அந்த வரிகளுக்கு 'முக்கோணம்' என்று பெயர் வைத்துத் தேவைப்படும்போதெல்லாம் கூப்பிடலாம் என்று காட்டுங்கள். ஃபங்ஷன் என்றால் என்ன என்பதைத் தனியாக ஒரு வகுப்பு வைத்து விளக்க வேண்டியிருக்காது.