சைக்கஸ் இலையின் அடிப்பரப்பில் தெரியும் இனம்

வேலூர் நர்சரிகளில் ‘சைக்கஸ்’ என்று விற்கப்படும் செடி பனை வகைதானா, பூவும் காயும் இல்லாதபோது இலையை மட்டும் பார்த்து அதைச் சொல்ல முடியுமா என்று குடியாத்தத்திலிருந்து வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். அது பனை அல்ல. பைன் மரத்தைப் போலவே கனி மூடாத விதைகளைத் தரும் தாவரம். சிற்றிலையில் ஒரே நடுநரம்பு ஓடி, பக்க நரம்புகள் இல்லாதிருந்தால் அது சைக்கஸ். நடுநரம்போடு பக்க நரம்புகளும் இருந்தால் அதன் உறவுச் செடியான ஸ்டாஞ்சீரியா. நடுநரம்பின்றிப் பல நரம்புகள் இணையாக ஓடினால் ஸேமியா போன்ற பிற உறவுச் செடிகள்.

நுண்ணோக்கியில்தான் உண்மையான இன்பம் தொடங்குகிறது. சைக்கஸில் இலைத்துளைகள் சிற்றிலையின் அடிப்புறத்தில் இருக்கின்றன. துளையைத் திறந்து மூடும் காப்புச் செல்கள் இரண்டும் உள்ளே அமிழ்ந்திருக்க, துணைச் செல்கள் அவற்றைச் சுற்றி வளையமாக நிற்கின்றன. பள்ளி ஆய்வகத்தில் செய்வதுபோல் நகப்பூச்சைத் தடவி உரித்தால் குழியின் வாய் மட்டுமே பதியும். காப்புச் செல்களைக் காண, அமிலத்தில் இலைச்சதையை நீக்கி இலையின் மேல்தோலை மூடியிருக்கும் கியூட்டிகிள் என்ற மெழுகுப் படலத்தைத் தனியே எடுக்க வேண்டும்.

அந்த வளையம் எப்படி உருவாகிறது என்பதில்தான் வகைப்பாட்டின் சூட்சுமம் இருக்கிறது. சைக்கஸில் தாய்ச்செல் ஒரே முறை பிளந்து இரு காப்புச் செல்களை மட்டும் தருகிறது. துணைச் செல்கள் அக்கம்பக்கத்துச் செல்களிலிருந்து வருவதால், அவை எண்ணிக்கையிலும் அமைப்பிலும் சீராக இருப்பதில்லை. சைக்கஸைப் போன்ற இலை கொண்டிருந்து அழிந்துபோன பென்னட்டிடேல்ஸ் என்ற தாவரக் குழுவிலோ துளையின் இருபுறமும் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டே துணைச் செல்கள் இணையாகக் கிடக்கின்றன. ஒரே தாய்ச்செல் மூன்றாகப் பிரிந்து, நடுச்செல் மட்டும் மீண்டும் பிளந்ததன் விளைவு இது என்று 1930-களில் ஸ்வீடன் தாவரவியலாளர் ருடால்ஃப் ஃப்ளோரின் விளக்கினார். வெறுங்கண்ணுக்கு இரு குழுக்களின் இலைகளும் ஒன்றுபோலவே தோன்றும். தாமஸ், பான்கிராஃப்ட் என்ற தாவரவியலாளர்கள் 1913-இலேயே கியூட்டிகிளைக் கொண்டு அவற்றைப் பிரித்துக் காட்டிவிட்டார்கள்.

வேலூரிலிருந்து சென்னை செல்லும் வழியிலுள்ள ஸ்ரீபெரும்புதூர்ப் படிவுகளில், 10 கோடி ஆண்டுகளுக்கும் மேற்பட்ட டைலோஃபில்லம் இலையச்சுகள் கிடைக்கின்றன. அதுவும் பென்னட்டிடேல்ஸ் குழுவைச் சேர்ந்ததே. ஆனால் படலம் அழிந்து அச்சு மட்டும் எஞ்சிய கல்லில் இந்தச் சோதனை செல்லாது. முதிர்ந்த துளையின் வடிவத்தைப் பார்த்து அதன் பிறப்பை ஊகிக்கிறோம் என்பதையும் மறக்கக் கூடாது. பெரிய கருவிகளைக் கேட்காமல் பொறுமையை மட்டும் கேட்கும் இத்தகைய ஆய்வுக்கு நம் கல்லூரிகளில் தாராளமாக நிதி ஒதுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

1911 வரை வட ஆற்காட்டுக்குள் இருந்த திருப்பதி மலைப்பகுதிக்கே உரிய சைக்கஸ் பெடோமி, இன்று பன்னாட்டு வணிகத் தடைப் பட்டியலில் இருக்கிறது. சைக்கஸின் ஆண் கூம்பை ஆண்மை பெருக்கும் மதனகாமப்பூ என்று நம்பி வாங்குவோர், நிரூபிக்கப்படாத ஒரு நம்பிக்கைக்காகக் காட்டுச் செடியின் மகரந்தத்தையே வெட்டி எடுக்கச் செய்கிறார்கள். சைக்கஸ் பெடோமியின் குறுகிய சிற்றிலைகளின் விளிம்பு கீழ்நோக்கிச் சுருண்டிருக்கும். மேற்குத் தொடர்ச்சி மலையின் சைக்கஸ் சர்சினாலிஸில் அது தட்டையாக இருக்கும். தோட்டங்களில் வளர்க்கும் ஜப்பானிய சைக்கஸ் ரெவல்யூட்டாவிலும் விளிம்பு சுருண்டிருப்பதால், விளிம்பை மட்டும் நம்பாமல் அடிப்பரப்பின் முடிகளையும் சேர்த்துப் பார்த்தே முடிவுக்கு வர வேண்டும்.