சண்டை வந்ததும் கைபேசி மேலே வருகிறதா?

ஆளுக்கொரு கதாபாத்திரமாகி, பகடை உருட்டிக் கதையை நகர்த்தி மேசையில் ஆடும் ரோல்பிளேயிங் ஆட்டங்களை நடத்துவதுதான் என் தொழில். புதிதாக கேம் மாஸ்டர் (கதையையும் எதிரிகளையும் நடத்துபவர்) ஆகிறவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்பது இது: "கதை நன்றாகத்தான் போகிறது, சண்டை ஆரம்பித்ததும் எல்லோரும் கைபேசியை எடுத்துவிடுகிறார்களே, ஏன்?" பலர் அதற்கு மருந்தாக இன்னும் பெரிய அரக்கனைக் கொண்டுவருகிறார்கள். அவனுக்கு ஹிட் பாயிண்ட், அதாவது அடி தாங்கும் அளவு, அதிகம், அதனால் சலிப்புதான் நீளும்.

என் அனுபவத்தில் கோளாறு இருப்பது எதிரியிடம். அவனுக்கு வேண்டியது எதுவுமில்லை, செத்து விழும்வரை அடித்துக்கொண்டே நிற்கிறான். பாதையை மறிக்கும் ஆறு கோப்ளின்களை (குட்டி அரக்கர்களை) எடுத்துக்கொள்வோம். அவர்கள் குறி வண்டியிலுள்ள ஒரு பெட்டி என்று முடிவு செய்யுங்கள். இரண்டு பேர் வாளோடு முன்னால் வந்து வம்பிழுக்கிறார்கள், ஒருவன் குதிரையின் கட்டை அறுக்கிறான், மற்ற மூவரும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குள் ஓடுகிறார்கள். ஓடுகிறவர்களைத் துரத்துவதா, மிரண்ட குதிரையைப் பிடிப்பதா, அடிபட்டுக் கிடக்கும் வண்டிக்காரரைப் பார்ப்பதா? இப்போது ஆட்டக்காரர்கள் தங்களுக்குள்ளேயே வாதாடுவார்கள். அடுத்தவர் முறையிலும் கண் வரைபடத்தைவிட்டு நகராது.

எதிரிக்கு உயிராசையும் இருக்கட்டும். 1974-இல் வெளிவந்த டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற ரோல்பிளேயிங் ஆட்டம், படைப் பொம்மைகளை நகர்த்தி ஆடும் போர் ஆட்டங்களிலிருந்து வளர்ந்தது. அந்தப் போர் ஆட்டங்களில் படை மனமுடைந்து ஓடுவது சகஜம். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் 1981 பேசிக் பதிப்பில் ஒவ்வொரு அரக்கனுக்கும் மொரேல் (மனவுறுதி) என்று ஓர் எண் உண்டு. முதல் ஆள் செத்ததும் ஒருமுறை, பாதிப் பேர் வீழ்ந்ததும் ஒருமுறை, இரண்டு ஆறுபக்கப் பகடைகளை உருட்டுவார்கள். கூட்டுத்தொகை அந்த எண்ணைத் தாண்டினால் ஓட்டம், அல்லது சரண். சாதாரண கோப்ளினுக்கு அது 7. அதாவது ஒவ்வொரு உருட்டலிலும் 36-க்கு 15 வாய்ப்பு, அவர்கள் பின்வாங்குவார்கள். எந்த ஆட்டம் நடத்தினாலும் இந்தப் பழக்கத்தை நான் விடுவதில்லை. ஜெயித்துவிட்டோம் என்று எல்லோருக்கும் தெரிந்த பிறகும் கடைசி கோப்ளினைச் சுரண்டிக்கொண்டிருக்கும் கொடுமை இதனால் ஒழிகிறது. (தப்பி ஓடியவன் ஆள் சேர்த்துக்கொண்டு திரும்பி வருவது அடுத்த வாரத்துக்கு நல்ல தொடக்கம்.)

அப்புறம், காத்திருப்பு. டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் ஐந்தாம் பதிப்பில் ஒரு ரவுண்ட், அதாவது சண்டையில் எல்லோரும் ஒருமுறை ஆடி முடிப்பது, கதைக்குள் 6 வினாடி. மேசையில் ஐந்து பேர் ஆளுக்கு மூன்று நிமிடம் எடுத்தால், முறை முடிந்தவர் மறுபடி பகடையைத் தொட 12 நிமிடம், அதோடு எதிரிகளின் முறையும் போக வேண்டும். அதனால் "வில்லாளி, உங்கள் முறை. மந்திரவாதி, அடுத்து நீங்கள்" என்று சேர்த்தே கூப்பிடுகிறேன். கூப்பிட்ட கையோடு நிலைமையையும் சொல்லிவிடுவேன்: "பெட்டி மரத்தடியை எட்டிவிட்டது. இன்னொரு ரவுண்ட் போனால் கண்ணில் படாது." இதைக் கேட்டவர் யோசிக்க ரொம்ப நேரம் எடுப்பதில்லை. நடுவில் விதியில் சந்தேகம் வந்தால் உங்களுக்கு நியாயமாகப்படுவதைச் சொல்லி நகர்ந்துவிடுங்கள், புத்தகத்தை ஆட்டம் முடிந்தபின் புரட்டிக்கொள்ளலாம்.