ட்வேபக்: எது இரண்டு?

மென்னோனைட் என்ற கிறித்தவப் பிரிவினரின் வீடுகளில் சனிக்கிழமை சுடும் ஒரு ரொட்டிக்கு 'ட்வேபக்' என்று பெயர். பாலும் வெண்ணெயும் சேர்த்துப் புளிக்க வைத்த மாவை உருட்டி, ஓர் உருண்டையின் தலையில் சின்ன உருண்டை ஒன்றை அழுத்தி வைத்துச் சுடுவார்கள். ஞாயிறு பிற்பகல் 'ஃபாஸ்பா' என்ற சிற்றுண்டிக்கு அது கட்டாயம் இருக்கும்.

சொல் பிளௌட்டீச் மொழியுடையது. 16ஆம் நூற்றாண்டில் நெதர்லாந்துப் பக்கமிருந்து இன்றைய போலந்திலுள்ள விஸ்துலா ஆற்றின் கழிமுகத்துக்குப் போன மென்னோனைட்டுகள் அங்கே தமதாக்கிக்கொண்ட கீழ் ஜெர்மன் (வடக்குச் சமவெளி ஜெர்மன்) பேச்சு இது. 1789இல் அன்றைய ரஷ்யப் பேரரசிலிருந்த உக்ரைனுக்கும், 1874 முதல் கனடாவுக்கும், பிறகு மெக்சிகோ, பராகுவேக்கும் அவர்களோடு பயணப்பட்டது.

'ட்வே' என்றால் இரண்டு, 'பக்' என்றால் சுடுதல். பொது ஜெர்மனில் இதுவே 'ட்ஸ்வீபாக்'. மேல் ஜெர்மனில் (தெற்கு மேட்டுநிலப் பேச்சில்) ட் ஒலி ட்ஸ் ஆக மாறியது. கீழ் ஜெர்மன் பழைய ஒலியை விடவில்லை. பொருள் இருமுறை சுட்டது. லத்தீனில் 'பிஸ்' இருமுறை, 'கோக்டுஸ்' சமைத்தது. பிஸ்கட் அதன் வழிதான். போர்த்துக்கீசிய 'பிஸ்கொய்த்து' மூலம் வந்ததை இலங்கைத் தமிழர் விசுக்கோத்து என்கிறார்கள். இரண்டாம் முறை சுட்டால் ஈரம் போய்விடும், மாதக்கணக்கில் கெடாது. கப்பலுக்கு அதுதானே வேண்டும்!

ஆனால் ஞாயிற்றுக்கிழமை ட்வேபக் ஒரே முறை சுட்டது, பஞ்சுபோல மெத்தென்றிருக்கும். அதைத் தின்பவர் கண்ணுக்கு 'இரண்டு' என்பது ஒன்றன்மேல் ஒன்றாக உட்கார்ந்த இரண்டு உருண்டைகள்தான். சொல் அப்படியே இருக்க, பொருள் அடுப்பிலிருந்து வடிவத்துக்கு நகர்ந்துவிட்டது. அப்புறம், ரஷ்யாவைவிட்டுக் கிளம்பிய குடும்பங்கள் இதே ரொட்டியை மறுபடி அடுப்பிலிட்டு மொறுமொறுப்பாக உலர்த்தி, மூட்டை மூட்டையாகக் கட்டிக்கொண்டு போனார்கள். அந்த வழிப்பயணத்தில் சொல்லின் பழைய பொருளும் கூடவே திரும்பி வந்தது. இந்தச் சொல்லில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான்.

சரி, தமிழில்? பிஸ்கட்டுக்குத் தனித்தமிழார் சொல்லும் 'ஈரட்டி' நல்ல சொல். ஈர் என்பது இரண்டு. அடுதல் என்பது சமைத்தல், அடுப்பில் இருக்கிற அதே அடு. உலர்த்திய ட்வேபக்குக்கு அது அச்சாகப் பொருந்தும். நம் டீக்கடை ரஸ்க்குக்கும்தான். மெத்தென்ற ட்வேபக்கை ஈரட்டி என்றால் தவறாகிவிடும். அதற்கு 'இரட்டை உருண்டை ரொட்டி' என்றே எழுதலாம்.