பிரேக் எண்ணெய் குடிக்கும் தண்ணீர்

ஜாலான் துன் சார்டோன் மலைச்சாலையில் இறங்கும்போது பிரேக் மிதி மெத்தென்று ஆகி, கடைசி வளைவில் தரைவரை போய்விட்டது என்கிற புகாரோடு பினாங்கில் கார்கள் பட்டறைக்கு வருவதுண்டு. வந்து சேர்வதற்குள் மிதி பழையபடி இறுகியிருக்கும். டிஸ்க் (சக்கரத்தோடு சுழலும் தட்டு) நன்றாக இருக்கும், அதைப் பிடித்து நிறுத்தும் பேட் தடிமனாக இருக்கும், எங்கும் ஒழுகல் இருக்காது. "ஒன்றுமில்லை" என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டால், அதுதான் ஆபத்து. கோளாறு இரும்பில் இல்லை, மிதிக்கும் விசையைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் பிரேக் எண்ணெயில் இருக்கிறது.

1,200 கிலோ எடையுள்ள கார் 100 மீட்டர் உயரம் இறங்கும்போது, பிரேக்கை மட்டுமே நம்பினால், கிட்டத்தட்ட 12 லட்சம் ஜூல் வெப்பம் டிஸ்கிலும் பேடிலும் இறங்குகிறது. 30 டிகிரியில் இருக்கும் 4 லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர அவ்வளவு போதும். அதன் பெரும்பகுதியை முன்சக்கரங்கள்தான் தாங்குகின்றன. பேட் வழியாக அந்தச் சூடு, பிஸ்டனால் பேடை டிஸ்கோடு அழுத்தும் காலிப்பருக்குள் இருக்கும் எண்ணெயை எட்டுகிறது. எண்ணெய் கொதித்தால் குமிழி உண்டாகும். திரவம் அழுத்தினால் சுருங்காது, ஆவி சுருங்கிவிடும். நீங்கள் மிதிக்கும் விசையெல்லாம் குமிழியைச் சுருக்குவதிலேயே செலவாகிறது, பேடுக்குப் போய்ச் சேர்வதில்லை. ஆறியதும் குமிழி மீண்டும் திரவமாகிவிடும். பட்டறையில் எதுவும் தென்படாததற்கு அதுதான் காரணம்.

பிரேக் எண்ணெயின் தரத்தை டாட் (DOT) எண்ணால் குறிப்பார்கள். புது டாட் 3 எண்ணெயின் கொதிநிலை குறைந்தது 205 டிகிரி, டாட் 4 என்றால் 230. எண்ணெயில் 3.7 சதவீதம் தண்ணீர் கலந்தபின் இருக்கவேண்டிய குறைந்தபட்ச அளவு முறையே 140, 155 தான். அந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது? காற்றிலிருந்து. கிளைக்கால் வகையைச் சேர்ந்த இந்த எண்ணெய் ஈரத்தை உறிஞ்சும் குணமுடையது. ரப்பர் ஹோஸ் வழியாகவும், எண்ணெய்த் தொட்டி மூடியின் காற்றுத்துளை வழியாகவும் ஈரம் மெல்ல நுழையும். இதைக் குறை என்று நினைக்கவேண்டாம். உறிஞ்சாத எண்ணெயாக இருந்தால் தண்ணீர் தனியே பிரிந்து, பள்ளமான காலிப்பரில் தேங்கி, 100 டிகிரியிலேயே கொதிக்கும், பிஸ்டனையும் துருப்பிடிக்க வைக்கும். உறிஞ்சிப் பரவவிடுவதே நல்லது. ஆனால் அதற்கு ஆயுள் உண்டு. பல தயாரிப்பாளர்கள் 2 ஆண்டு என்கிறார்கள். நம் கடலோரப் புழுக்கத்தில் ஒரு நாளும் தள்ளிப்போடாதீர்கள்.

நிறத்தை வைத்துத் தீர்மானிக்க முடியாது. வெளிறிய எண்ணெயிலும் தண்ணீர் இருக்கலாம். பேனா போன்ற மலிவுக் கருவி ஓரளவுக்குத்தான் உதவும், எண்ணெயைக் கொதிக்கவைத்து அளக்கும் கருவியே நம்பகமானது. தண்ணீர் 3 சதவீதத்தைத் தொட்டால் எண்ணெயை மாற்றியே ஆகவேண்டும்.

மாற்றுவதில் நடக்கும் குறுக்குவழியையும் சொல்லவேண்டும். தொட்டியில் இருப்பதை உறிஞ்சி எடுத்துப் புது எண்ணெய் ஊற்றிவிட்டு, வேலை முடிந்தது என்பார்கள். கொதிக்கும் எண்ணெய் தொட்டியில் இல்லை, காலிப்பரில் இருக்கிறது. நான்கு சக்கரத்திலும் எண்ணெயை வெளியேற்றும் ப்ளீடர் திருகைத் திறந்து, புது எண்ணெய் வரும்வரை வெளியேற்றினால்தான் மாற்றியதாக அர்த்தம். சாதாரணக் காருக்கு அரை லிட்டர் முதல் ஒரு லிட்டர் வரை பிடிக்கும். திறந்து பல மாதம் ஆன போத்தலிலிருந்து ஊற்றவிடாதீர்கள், உங்கள் கண்முன்னே சீல் உடைக்கச் சொல்லுங்கள். தொட்டி மூடியில் டாட் 4 என்று பொறித்திருந்தால் டாட் 3 ஊற்றக்கூடாது. சிலிக்கான் வகையான டாட் 5 இவற்றோடு சேராது. தப்பித்தவறி எஞ்சின் எண்ணெய் கலந்துவிட்டால் உள்ளிருக்கும் ரப்பர் சீல்கள் ஊதிப்போகும், அவற்றையெல்லாம் மாற்றவேண்டி வரும்.

தொட்டியில் அளவு இறங்கினால் உடனே ஊற்றி நிரப்புவதும் தவறு. பேட் தேயத் தேய பிஸ்டன் வெளியே வரும், எண்ணெய் மட்டம் தாழும். நிரப்பிவிட்டால் அந்த எச்சரிக்கை மறைந்துபோகும். முதலில் பேடைப் பாருங்கள், ஒழுகலைப் பாருங்கள்.

காப்சாய் என்கிற சின்ன மோட்டார் சைக்கிள் ஓட்டுகிறவர்களுக்கும் இது பொருந்தும். ஹேண்டிலில் இருக்கும் சின்னத் தொட்டி நாள்முழுக்க வெயிலில் காய்கிறது, அதில் இருக்கும் எண்ணெயும் கொஞ்சம்தான்.

இறக்கத்தில் ஆட்டோ கியரை 2 அல்லது எல் (L) என்கிற தாழ்ந்த கியரில் போடுங்கள். பிரேக்கை லேசாக மிதித்தபடியே வராமல், அழுத்தி வேகம் குறைத்து, விட்டு ஆறவிடுங்கள். மிதி இறங்கினால் எஞ்சினை அணைக்காதீர்கள். கியரைக் குறைத்து, மிதியை வேகமாகப் பலமுறை அடியுங்கள், கேபிள் ஹேண்ட்பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுங்கள். அதற்கு எண்ணெய் தேவையில்லை. நின்றபின் மிதி இறுகிவிட்டதே என்று கிளம்பிவிடவேண்டாம். காற்றோட்டம் நின்றதும் டிஸ்கின் சூடு காலிப்பருக்குள் இன்னும் ஏறும். இழுவை வண்டியைக் கூப்பிடுங்கள்.