தகவல் ஆணையரை எம்.எல்.ஏ. தேர்ந்தெடுப்பதில்லை

"என் மனு ஆணையத்தில் தூங்குகிறது. எம்.எல்.ஏ. சட்டசபையில் எழுந்து கேட்டால் ஆணையரை மாற்றிவிட மாட்டார்களா?" தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனு போட்டு, பதில் வராமல் மாநிலத் தகவல் ஆணையத்துக்குப் போன, பாலக்கோடு பக்கம் தக்காளி போடும் ஒரு விவசாயி கேட்டார். மாற்ற மாட்டார்கள். மாநிலத் தகவல் ஆணையர் நியமனத்தில் சட்டமன்றத்துக்கு ஓட்டே கிடையாது. அமெரிக்காவில் செனட் சபை ஆளை உட்காரவைத்து விசாரித்து ஒப்புதல் தருகிறதே, அப்படி இங்கே எதுவும் இல்லை. முதல்வர், எதிர்க்கட்சித் தலைவர், முதல்வர் கைகாட்டும் ஓர் அமைச்சர் ஆகிய மூவரும் பரிந்துரைப்பார்கள், ஆளுநர் நியமிப்பார். மூவரில் இருவர் எந்தப் பக்கம் என்பது உங்களுக்கே தெரியும். இடம் காலியாவதற்கு ஓரிரு மாதம் முன்பே தேர்வைத் தொடங்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2019இல் சொல்லியிருக்கிறது. நாற்காலி காலியாக இருக்கும் வரை உங்கள் மனுவும் கட்டுக்குள்ளேயே கிடக்கும்.

அதை நாம் அவசரப்படுத்த முடியாது. ஆனால் வருடக்கணக்கில் காத்திருந்து, முறை வரும் நாளில் மனுவில் இருக்கும் ஓட்டையால் கைவிரிக்கப்படாமல் பார்த்துக்கொள்வது நம் கையில் இருக்கிறது. அந்த விவசாயிக்கு அப்படிக் கைவிரிப்புதான் நடந்தது. பட்டா மாறுதல் கோப்பின் நகல் கேட்டிருந்தார். பதில் வராத ஆத்திரத்தில் ஆணையத்துக்குப் 'புகார் மனு' என்று தலைப்பிட்டு, பிரிவு 18 என்றும் எழுதி அனுப்பிவிட்டார். பிரிவு 18இன்படி தகவல் தராத அலுவலருக்கு ஆணையம் அபராதம் போடலாம்; தகவலைக் கொடு என்று உத்தரவிட முடியாது. உச்ச நீதிமன்றம் 2011லேயே இதைத் தெளிவாக்கிவிட்டது. நகல் கையில் வேண்டுமென்றால் 'இரண்டாம் மேல்முறையீடு, பிரிவு 19(3)' என்றுதான் எழுத வேண்டும். இதை அவருக்கு எந்த அலுவலகமும் சொல்லவில்லை. சொல்வதற்கு அவர்களுக்கு என்ன அவசரம்?

தேதிகளைக் காலண்டரிலேயே குறித்துவையுங்கள். மனு போய்ச் சேர்ந்த நாளிலிருந்து 30 நாள். பதில் வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் அதே துறையின் மேல்முறையீட்டு அலுவலருக்கு முதல் மேல்முறையீடு. அவர் 30 நாளில், மிஞ்சிப்போனால் 45 நாளில் முடிக்க வேண்டும். முடிக்கவில்லையென்றால் 90 நாளுக்குள் ஆணையம். "அடுத்த வாரம் தயாராகிவிடும்" என்று தொலைபேசியில் இனிமையாகப் பேசுவார்கள். அந்த இனிமையில்தான் பலருக்குக் கெடு தாண்டிப்போகிறது.

நேரில் வரச்சொல்லி இரண்டு தாளை நீட்டி, 'தகவல் முழுமையாகப் பெற்றுக்கொண்டேன்' என்று கையெழுத்துக் கேட்பதும் உண்டு. அந்த வரியை அடித்துவிட்டு, எத்தனை பக்கம் வாங்கினீர்கள் என்பதை மட்டும் எழுதித் தேதி போடுங்கள்.

'ஏன் என் பட்டாவை நிறுத்தினீர்கள்?' என்று கேட்டால், விளக்கம் தரச் சட்டத்தில் இடமில்லை என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். 'என் மனு மீதான கோப்புக் குறிப்புகளின் நகல்' என்று கேளுங்கள். ஏன் என்பது அதிலேயே இருக்கும். விவசாயச் சங்கத்தின் லெட்டர்ஹெட்டில் எழுதாதீர்கள். தகவல் கேட்கும் உரிமை குடிமகனுக்குத்தான், சங்கத்துக்கு இல்லை என்று திருப்பி அனுப்பியதைப் பார்த்திருக்கிறேன்.

கட்டணம் 10 ரூபாய். கோர்ட் ஸ்டாம்ப் ஒட்டினால் போதும். மேல்முறையீடுகளுக்குக் கட்டணம் இல்லை. யாராவது கேட்டால் ரசீது கேளுங்கள். நகலுக்குப் பணம் கட்டச்சொல்லிக் கடிதம் வந்தால் உடனே கட்டுங்கள், நீங்கள் கட்டும் வரை அவர்களுடைய 30 நாள் ஓடாது. ஆனால் அந்த 30 நாள் தாண்டியபின் பணம் கேட்டால், பிரிவு 7(6)இன்படி இலவசமாகத் தரக் கேட்டு எழுதுங்கள்.

விசாரணைக்கு அழைப்பு வந்தால் தபால் ரசீதுகளையும் மனு நகல்களையும் தேதி வரிசையில் தைத்து எடுத்துப் போங்கள். மறுத்தது சரிதான் என்று நிரூபிக்க வேண்டியது அலுவலரின் பொறுப்பு, உங்களுடையது அல்ல. தாமதத்துக்கு நாளொன்றுக்கு 250 ரூபாய், அதிகபட்சம் 25,000 ரூபாய் அவருக்கு அபராதம் விதிக்கக் கோரும் வரியை மேல்முறையீட்டிலேயே எழுதியிருங்கள். அந்த விவசாயி இப்போது புது மனு போட்டிருக்கிறார். முதல் 30 நாள் ஐப்பசியில் முடிகிறது.