ஃபார்மட் அடித்துவிட்டு என்னிடம் வராதீர்கள்

டிஸ்கைத் துடைத்து விண்டோஸைப் புதிதாகப் போடுவதுதான் ஃபார்மட். அதை அடித்துவிட்டு வந்த கேஸ், இந்த மாதத்தில் இது நான்காவது. பத்திரம் எழுதுகிற ஐயா ஒருவர் சிபியூவைத் துண்டில் சுற்றிக் கடைக்குத் தூக்கி வந்தார். (அந்தப் பெட்டியின் பேர் சிபியூ இல்லை என்று சொல்வதை நான் விட்டே பல வருஷமாகிறது.) "ஆன் ஆகலைன்னு மச்சான் பையன் ஃபார்மட் அடிச்சான் தம்பி. இப்ப ஓடுது, தேதிதான் 2012-ன்னு காட்டுது. என் ஃபைல் ஒண்ணையும் காணோம்."

தேதியைக் கேட்டதுமே புரிந்துவிட்டது. மதர்போர்டில் கடிகாரத்தை ஓட வைக்கிற, ஒரு ரூபாய்க் காசு போல இருக்கும் சிஆர்2032 பேட்டரி, 3 வோல்ட் காட்ட வேண்டியது, மீட்டரில் 1.9. பேட்டரி செத்ததும் பயாஸ் (விண்டோஸுக்கு முன்னால் ஓடி மெஷினை எழுப்புகிற புரோகிராம்) தன் செட்டிங்கை மறந்து, டிஸ்கோடு பேசும் முறையை ஏஎச்சிஐ-யிலிருந்து பழைய ஐடிஇ-க்கு மாற்றிவிட்டது. விண்டோஸ் தன் டிஸ்கையே கண்டுபிடிக்க முடியாமல் நீலத்திரை காட்டியிருக்கிறது. அவ்வளவுதான். பேட்டரி ஐம்பது ரூபாய்கூட வராது. ஃபைல்கள் அதுவரை பத்திரமாகத்தான் இருந்தன.

ஃபார்மட் என்பது ரிப்பேர் இல்லை. திரும்பவும் சொல்கிறேன், ரிப்பேர் இல்லை. ஃபியூஸ் போனதற்கு வீட்டுச் சாமானையெல்லாம் தெருவில் வீசிவிட்டு வெள்ளையடிப்பீர்களா? ராம் என்கிற மெமரி அட்டை லூஸ், பவர் சப்ளை அவுட், டிஸ்க் சாகிறது, எதற்கும் அது மருந்தில்லை. பழைய ஹார்ட் டிஸ்க் என்றால் ஃபார்மட்டுக்குப் பிறகும் கொஞ்சம் தோண்டி எடுக்கலாம். சிப்பில் சேமிக்கிற எஸ்எஸ்டி என்றால், டிரிம் என்கிற கட்டளை வந்து துடைத்துவிடும். ஐயாவுடையது எஸ்எஸ்டி. ராத்திரி முழுக்க ரெக்கவரி ஓட்டினேன்; கிடைத்ததெல்லாம் திறக்காத ஃபைல் பெயர்கள்.

சரி, ஆன் ஆகவில்லையா? முதலில் பிளக்கைப் பாருங்கள். சிரிக்காதீர்கள், வாரம் ஒருவராவது அதற்காக வருகிறார். வயரைப் பிடுங்கிவிட்டு பவர் பட்டனை 30 விநாடி அழுத்திப் பிடியுங்கள். ஃபேன் சுற்றியும் ஸ்கிரீன் கறுப்பு என்றால், ராமைக் கழற்றி அதன் தங்கநிறப் பல்லை ரப்பரால் தேய்த்துத் திரும்பப் போடுங்கள். பாதிப் பேருக்கு இதிலேயே வேலை முடிந்துவிடும். டிஸ்க் 'டிக் டிக்' என்றால் உடனே அணைத்துவிடுங்கள், திரும்பத் திரும்பப் போட்டுப் பார்க்காதீர்கள். விண்டோஸ் மட்டும் ஏறவில்லை என்றால் லினக்ஸ் என்கிற இன்னொரு இயங்குதளம் ஏற்றிய பென்டிரைவில் பூட் செய்து ஃபைல்களை முதலில் வெளியே எடுங்கள்.

புது லேப்டாப்காரர்களே, விண்டோஸ் உங்கள் டிஸ்கைப் பூட்டி வைக்கிற பூட்டுதான் பிட்லாக்கர், அதன் மீட்புச் சாவி 48 இலக்கம். எங்கே இருக்கிறது என்று இன்றைக்கே பார்த்து எழுதி வையுங்கள், கெஞ்சிக் கேட்கிறேன். அது இல்லாமல் என்னாலும் திறக்க முடியாது.

அப்புறம், பவர் சப்ளை டப்பாவை மட்டும் திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே கெபாசிட்டரில் கரண்ட் நிற்கும்.